பிரெஞ்சில் தீவைச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியதுமே வந்துவிடும் சின்னச் சொல் ‘இல்’. பொருள் தீவு. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுவதுதான் பிழை. பாரிஸ் பக்கம் குடியேறியவருக்கு இந்தச் சொல் கடற்கரையில் எதிர்ப்படுவதைவிட ரயில் பாஸிலும் அரசு அலுவலகக் கடிதத்திலும் உணவக மெனுவிலும்தான் அதிகம் எதிர்ப்படும்.

உச்சரிப்பிலிருந்து தொடங்கலாம். முதல் எழுத்தின் மேல் கூரை போல ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நம்மில் பலர் ‘ஈல்’ என்று நீட்டுகிறார்கள். நீட்ட வேண்டாம். அந்தக் குறி காணாமல் போன ஓர் ‘எஸ்’ எழுத்தின் அடையாளம். பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு நடுவே ‘எஸ்’ இருந்தது. ஒலி மறைந்து வெகுகாலம் கழித்து, 1740-இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதி எழுத்திலும் அதை நீக்கிக் கூரையைப் போட்டது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் சிலவற்றில் மட்டும் அந்த ‘எஸ்’ இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 1792-இல் பிரெஞ்சு தேசிய கீதத்தை எழுதியவரின் பெயரை ‘ரூஷே து லில்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘லிஸ்ல்’ என்றல்ல. 1990 எழுத்துச் சீர்திருத்தத்தின்படி பொதுச்சொல்லில் கூரை இல்லாமல் எழுதினாலும் பிழையில்லை. இடப்பெயர்களில் அதை விட்டுவிடாதீர்கள்.

சொல் பெண்பால்; ‘யுன் இல்’. பன்மையில் ‘லே இல்’ என்று பிரித்துச் சொல்லாமல் ‘லெஸில்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருமையில் சேர்த்தால் ‘லில்’. வடபிரான்சில் உள்ள லில் நகரின் பெயரும் காதுக்கு இதேதான். அந்த ஊர்ப் பெயரே தீவு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே ‘ஆ லில்’ என்றால் கேட்பவர் நகரத்தைத்தான் நினைப்பார். தீவில் இருப்பதைச் சொல்ல ‘ஸ்யூர் லில்’ என்பதே பாதுகாப்பு.

அதிகம் இடறும் இடம் இனிமேல்தான்: தீவின் பெயருக்கு முன் எந்த உருபு? ‘பிரான்சில்’ என்பதற்கும் ‘இந்தியாவில்’ என்பதற்கும் ‘ஆன்’ வருவதால், எல்லா இடத்துக்கும் ‘ஆன்’ போடும் பழக்கம் நமக்கு ஒட்டிக்கொள்கிறது. ‘ஆன் ஸ்ரீலங்கா’ என்பது அப்படி வருவதுதான். இலங்கையின் பெயர் பிரெஞ்சில் ஆண்பால், அதனால் ‘ஓ ஸ்ரீலங்கா’. பழைய பெயரான செய்லானுக்கோ ‘ஆ செய்லான்’. ஒரே மண், பெயர் மாறினால் உருபும் மாறுகிறது. அடையாளம் இதுதான்: பெயருக்கு முன் சுட்டுச்சொல் (‘ல’, ‘லா’, ‘லே’) வராத தீவுகளுக்கு ‘ஆ’. கியூபா, மால்ட்டா, சைப்பிரஸ், மடகாஸ்கர், மொரிஸ் (மொரிஷியஸ்) எல்லாம் இந்த வரிசை. சுட்டுச்சொல்லோடு வரும் பெண்பால் பெயர்களான கோர்சிகா, சிசிலி, சார்தீனியாவுக்கு ‘ஆன்’. சேஷெல்ஸ், மாலத்தீவு போன்ற பன்மைக்கு ‘ஓ’. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியன் தனி வழி: சுட்டுச்சொல் பெயரின் பகுதியாகவே ஆகிவிட்டதால் ‘ஆ லா ரெயூனியோன்’. ஆனால் பிரான்சின் மற்ற கடல்கடந்த பகுதிகளான மார்த்தினிக், குவாதலூப் இரண்டுக்கும் ‘ஆன்’ என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

மொரிஷியஸை ‘லில் து மொரிஸ்’ என்று சொல்லாதீர்கள்; நடுவில் ‘து’ வராது, ‘லில் மொரிஸ்’. ஆனால் அட்லாண்டிக் கரையில் இருக்கும் ரே தீவுக்கு ‘லில் து ரே’. இதற்கு விதி தேடி நேரம் கழிக்க வேண்டாம், பழக்கத்தில்தான் வரும்.

பாரிஸையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்த எட்டு மாவட்டங்களின் பெயர் இல் து பிரான்ஸ். புதுச்சேரித் தமிழரும் ஈழத்தமிழரும் பெருமளவில் வாழும் பகுதி. அது தீவல்ல, கடலே அங்கு இல்லை. ஆறுகள் சூழ்ந்த நிலம் என்பதால் வந்த பெயர் என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். இங்கே ‘ஸ்யூர்’ போடக் கூடாது, ‘ஆனில் து பிரான்ஸ்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். எழுதும்போது நடுக்கோடுகள் கட்டாயம். பழைய புதுச்சேரி வரலாற்றை வாசிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 1715 முதல் 1810 வரை மொரிஷியஸுக்கும் இதே பெயர்தான். 1746-இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே ‘இல் து பிரான்சின் ஆளுநர்’ என்று படித்தால், அவர் பாரிஸ் வட்டாரத்தை ஆண்டவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

மெனுவில் ‘இல் ஃப்ளோத்தாந்த்’, அதாவது மிதக்கும் தீவு, என்று இருந்தால் அது இனிப்பு. நுரைக்க அடித்து வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, வனிலா மணக்கும் பால் குழம்பின் மேல் மிதக்கும். அந்தக் குழம்பிலும் மஞ்சள்கரு உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் பெயரை நம்பி ஆர்டர் செய்யக் கூடாது.

‘இல் தெசெர்த்’ பாலைவனத் தீவு அல்ல, ஆளில்லாத் தீவு. பச்சைப் பசேலென்று காடு இருந்தாலும் அதே பெயர்தான். யாராவது பொதுவாக ‘தீவுகளுக்குப் போகிறோம்’ என்றால் கரீபியன் மாதிரி வெப்பமண்டலத் தீவுகளைச் சொல்கிறார்கள் என்று பொருள், கோர்சிகாவை அல்ல.

குட்டித் தீவு ‘இலோ’. கடைசி ‘ட்’ ஒலிக்காது. சமையலறை நடுவே நிற்கும் மேடைக்கும், நாலு தெருக்களுக்கு நடுவில் இருக்கும் கட்டடத் தொகுதிக்கும் இதே சொல்தான். கோடைக்காலச் செய்திகளில் வரும் ‘இலோ து ஷலேர்’ என்பது கான்கிரீட்டும் தாரும் வெப்பத்தைப் பிடித்துவைத்து, சுற்றுப்புறத்தைவிட அதிகமாகச் சூடேறும் நகரப் பகுதி.

இதன் உறவுக்காரச் சொல் ‘இலே’. கரீபியனில் அது நிஜமாகவே குட்டித் தீவு. ரெயூனியனின் மலைப்பகுதியிலோ, செங்குத்தான பள்ளங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் சிறு சமதளமும் அதிலுள்ள குடியிருப்பும் ‘இலே’. மஃபாத் பள்ளத்தாக்கில் இப்படிப் பல உண்டு. அங்கே வண்டி போகும் சாலை கிடையாது, நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். ரெயூனியனில் இருக்கும் உறவினர் உங்களை ஓர் ‘இலே’வுக்குக் கூப்பிட்டால் நீச்சல் உடையை விட்டுவிட்டு மலையேறும் காலணியை எடுத்துவையுங்கள்.