‘தடை’ என்றால் எந்தத் தடை? இந்தியப் படச் சர்ச்சையை மலையகத்திலிருந்து வாசிக்க ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு படத்துக்குப் பிரச்சினை என்றால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் செய்தி மூன்று வழியாக வந்து சேரும். ஒன்று லயத்துக் கூரையில் இருக்கும் டிஷ், இன்னொன்று வட்ஸ்அப் குழு, மற்றது கொழும்புப் பத்திரிகையின் சினிமாப் பக்கம். சினிமாப் பக்கத்தில் வருவது பல நேரம் முதல் இரண்டையும் பார்த்து எழுதியதுதான். ஆகவே மூன்று இடத்தில் பார்த்தோம் என்பதற்காக மூன்று சாட்சி கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். வாசகர் வட்டம், இளைஞர் கழகம், பாடசாலை ஊடகக் கழகம், பிரதேசச் செய்தியாளர் என யாராக இருந்தாலும் ஒரு அப்பியாசக் கொப்பியும் ஒரு வாரப் பொறுமையும் இருந்தால் கீழே உள்ளதைச் செய்து பார்க்கலாம்.

கொப்பியின் பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: திகதி, யார் செய்தார், என்ன செய்தார், எங்கே பார்த்தோம். இரண்டாம் பத்தியை நிரப்ப முடியாத செய்தியை அன்றைக்கு யாருக்கும் அனுப்ப வேண்டாம். ‘படத்துக்குத் தடை’, ‘எதிர்ப்பு வலுக்கிறது’, ‘நெட்டிசன்கள் கொந்தளிப்பு’ போன்ற தலைப்புகளில் செய்தவரின் பெயரே இருக்காது. செய்தவர் இல்லாத வினை வந்தால் அங்கேயே நின்று தேடுங்கள்.

முதலில் ‘தடை’யைப் பிரியுங்கள்

அதிகம் குழப்புவது இந்தச் சொல்தான். இந்தியாவில் ஒரு படம் திரைக்கு வராமல் போக ஐந்து பேர் காரணமாக இருக்கலாம்: மத்தியத் தணிக்கை வாரியம், மாநில அரசு அல்லது மாவட்ட ஆட்சியர், நீதிமன்றம், திரையரங்கு உரிமையாளர்கள், கடைசியாகத் தயாரிப்பாளரோ விநியோகஸ்தரோ தாமே. ஐந்துக்கும் தலைப்பில் ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள்.

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ பட்ட பாட்டைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். தணிக்கைச் சான்று கிடைத்துவிட்டது. வெளியீட்டுக்கு முன்பாகவே தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவின் கீழ் (அமைதி கெடும் என்றால் தடையுத்தரவு போடும் அதிகாரம்) 15 நாள் நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அதை நீக்கினார். அடுத்த நாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது. பிறகு படத்தை எதிர்த்த முஸ்லிம் அமைப்புகளுடன் பேசி, சில இடங்களில் ஒலியை அடக்கி, பெப்ரவரி 7 அன்று படம் வந்தது. முதலில் தடுத்தது ஆட்சியர்கள், பிறகு நீதிமன்றம். கடைசியில் வழிவிட்டது பேச்சுவார்த்தை. ‘கமல் படத்துக்குத் தடை’ என்று மட்டும் வாசித்தவருக்கு இதில் எது எப்போது நடந்தது என்று தெரியாது. 2014 மார்ச்சில் இலங்கைப் போரைப் பற்றிய ‘இனம்’ படத்தை எந்த அரசும் நிறுத்தவில்லை. எதிர்ப்பு வந்ததும் வெளியிட்டவர்களே சில நாளில் திரையரங்குகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதைத் ‘தடை செய்யப்பட்ட படம்’ என்று எழுதுவது பிழை.

செய்தியாளருக்கு விஷயம் தெரியுமா என்று சோதிக்க மூன்று இடம். தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இலேயே கலைக்கப்பட்டது. இப்போது வாரியத்தின் முடிவை எதிர்ப்பவர் உயர் நீதிமன்றம் போக வேண்டும். இன்றும் ‘தீர்ப்பாயத்தில் முறையிடுவோம்’ என்று ஒரு செய்திக் கார்ட் வந்தால், ஒன்றில் அது பழையது, இல்லையென்றால் எழுதியவருக்கு விஷயம் தெரியாது. அதேபோல 2024 ஜூலை முதல் பழைய 144க்குப் பதில் புதிய சட்டத்தின் 163ஆவது பிரிவு நடைமுறையில் இருக்கிறது. பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கலாம் என்ற ‘யு/ஏ’ சான்றும் இப்போது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. படம் தொடங்குமுன் திரையில் வரும் சான்றிதழையும் பாருங்கள். இடது கீழ் மூலையில் முக்கோணம் இருந்தால் வெட்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ‘ஒரு வெட்டும் இல்லாமல்’ என்ற விளம்பரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அங்கே நிறுத்தியது இங்கே நிறுத்தியதாகாது. இலங்கைக்குத் தனித் தணிக்கைச் சபை உண்டு. ஹட்டனில் படம் ஓடாததற்கு இங்குள்ள விநியோகஸ்தர் படம் எடுக்காததே காரணமாக இருக்கலாம். திரையரங்கில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

சொல்பவரின் பங்கு என்ன

கட்சிச் சேனல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் எந்தப் பக்கத்து ஜன்னல் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். ஜெயா தொலைக்காட்சி ஜெயலலிதா காலத்தில் அ.தி.மு.க. பக்கமாக வளர்ந்தது. மக்கள் தொலைக்காட்சி பா.ம.க. பக்கம், கலைஞர் தொலைக்காட்சி தி.மு.க. பக்கம். சன் கொஞ்சம் சிக்கல். கலாநிதி மாறன் கருணாநிதி குடும்பத்துச் சொந்தம்தான், ஆனாலும் 2007இல் குடும்பத்துக்குள் பிணக்கு வந்த பிறகே கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. இதைவிட முக்கியமானது, அந்தக் குழுமம் படமும் எடுக்கிறது. 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ அவர்களது தயாரிப்பு. அரசு கொடுத்த இலவசப் பொருட்களை நெருப்பில் போடும் காட்சிக்கு அப்போது ஆண்ட அ.தி.மு.க.வினர் எதிர்ப்புக் காட்டினர். சில நாளில் அந்தக் காட்சி வெட்டப்பட்டது. அந்த வாரத்துச் செய்தியைப் பார்ப்பவர், படத்தின் முதலாளியும் செய்தியின் முதலாளியும் ஒருவரே என்பதை மறந்துவிடக்கூடாது. தி.மு.க.வின் உதயநிதி ஸ்டாலின் தொடங்கிய ரெட் ஜயன்ட் நிறுவனம் வெளியிடும் படம் என்றாலும் இதே கவனம் தேவை. நம் பக்கத்திலும் விதிவிலக்கு இல்லை: தினகரன், வசந்தம், நேத்ரா அரசு சார்ந்தவை, வீரகேசரியும் சக்தியும் தனியார்.

ஆகவே ஒரே இரவில் எதிரெதிர்ப் பக்கத்துச் சேனல் இரண்டைப் பாருங்கள். யார் பேசினார், எத்தனை நிமிடம், பேச்சுக்குப் பின்னால் என்ன படம் ஓடியது என்று குறியுங்கள். பத்துப் பேர் நின்ற ஆர்ப்பாட்டத்தை நெருங்கிப் படம் பிடித்தால் ஆயிரம் பேர் போலத் தெரியும். கூட்டத்தின் ஓரம் ஒரு தடவையாவது காட்டப்பட்டதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் எண்ணிக்கையை எழுத வேண்டாம்.

வசனத்தையும் நபரையும் கலக்க வேண்டாம்

2017இல் ‘மெர்சல்’ வந்தபோது ஜி.எஸ்.டி. வசனத்தை நீக்கும்படி பா.ஜ.க.வினர் கேட்டனர். சிங்கப்பூரில் 7 வீத வரிக்கு இலவச மருத்துவம், இங்கே 28 வீதம் என்பது வசனத்தின் சாரம். அது சரியில்லைதான். சிங்கப்பூர் மருத்துவம் இலவசமில்லை, அங்கே சம்பளத்திலிருந்து சேமிப்புப் பிடிக்கிறார்கள். இந்தியாவின் 28 வீதம் அன்றைய உச்ச அடுக்கு, மருந்துகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழ். ஆனால் வசனம் பிழை என்பது ஒரு கேள்வி, அதை நீக்கச் சொல்லலாமா என்பது வேறு கேள்வி. நடிகர் விஜய்யின் மதப் பெயரை எடுத்துப் பேசியதோ இரண்டுக்கும் சம்பந்தமில்லாதது. மூன்றையும் ஒரே விவாதத்தில் போட்டுக் கிண்டினால் எதற்கும் பதில் வராது. தனித்தனி வரியில் எழுதுங்கள்.

எண் வந்தால் அதன் ஊற்றைக் கேளுங்கள். ‘தி கேரளா ஸ்டோரி’ முன்னோட்டத்தில், மதம் மாற்றப்பட்டு ஐ.எஸ். அமைப்பில் சேர்க்கப்பட்ட கேரளப் பெண்கள் 32,000 பேர் என்றார்கள். பிறகு அது மூன்று பெண்களின் கதையாக மாறியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்கத்தின் தடையை நிறுத்திவைத்தது. 32,000 என்பதற்கு ஆதாரத் தரவு இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் போடவும் வைத்தது. படம் ஓடலாம் என்றதை ஒரு பக்கமும், ஆதாரம் இல்லை என்றதை மறு பக்கமும் தலைப்பாக்கின. அது ஒரே வழக்கு, ஒரே உத்தரவு.

நம் பெயர் வரும் இடம்

இங்கே கூடுதல் கவனம் வேண்டும். 2020 ஒக்டோபரில் கண்டி முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படமான ‘800’இன் முதல் தோற்றம் வந்து ஒரு வாரம் முடிவதற்குள், அதில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி எதிர்ப்புக் காரணமாக விலகினார். எதிர்த்தவர்கள் காட்டிய காரணங்கள் உண்மையானவை: 2009இல் போர் முடிந்தது பற்றிய முரளியின் பேச்சு, 2019இல் அவர் கோட்டாபய ராஜபக்ஷவை ஆதரித்தது. ஆனால் படத்தை அப்போது ஒருவரும் பார்த்திருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கூலிகளாக வந்த குடும்பம் என்று முரளி தம் அறிக்கையில் எழுதியது பல செய்திகளில் ஓரத்துக்குப் போனது. ‘இலங்கைத் தமிழர்’, ‘ஈழத் தமிழர்’, ‘மலையகத் தமிழர்’ எல்லாம் ஒரே சொல்லாகிவிட்டன. இந்த நாட்டின் குடிசன மதிப்பீடே இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் தனியாக எண்ணுகிறது; 1948இல் குடியுரிமை பறிபோனதும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கு பிரிக்கப்பட்டதும் மலையகத்தாருக்கே. செய்தியில் அந்தச் சொல் வரும்போது யாரைக் குறிக்கிறது என்று கோடு போடுங்கள். ‘மலையகம் கொதிக்கிறது’ என்று தலைப்பு இருந்தால், மலையகத்தில் ஒருவரிடமாவது கேட்டார்களா என்றும் பாருங்கள். முரளியின் பேச்சைக் கண்டிக்கும் மலையகத்தாரும் உண்டு, படம் வரட்டும் என்பவரும் உண்டு. ‘800’ வேறு நடிகருடன் 2023 ஒக்டோபரில் வெளியானது. விலகலுக்கு வந்த செய்தியையும் வெளியீட்டுக்கு வந்த செய்தியையும் பக்கத்தில் வைத்து அளந்தால், சர்ச்சைக்கு எவ்வளவு இடம், படத்துக்கு எவ்வளவு இடம் என்று தெரியும்.

அனுப்புமுன்

வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பலமுறை கைமாறியது. எழுதியவரைத் தேடாமல் அதை நம்ப வேண்டாம். சேனல் இலச்சினை போட்ட கார்டைப் போலியாகச் செய்ய ஐந்து நிமிடம் போதும். அந்தச் சேனலின் பக்கத்தில் அதே நாள், அதே நேரத்தில் கார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ என்றால் ஒரு காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய ஆர்ப்பாட்டம் புதிய படத்தின் பெயரில் வருவது வழமை. தோட்டத்துச் சிக்னலில் வீடியோ ஏறாவிட்டாலும் படம் ஏறும்.

தவறாக அனுப்பிவிட்டால் ‘எல்லோருக்கும் அழி’ வசதி ஏறக்குறைய 60 மணித்தியாலம் வரைதான் வேலை செய்யும். அழித்தாலும் மற்றவர் முன்னனுப்பியது அழியாது. ஆகவே அழிப்பதோடு விடாமல், அதே குழுவில், எந்த வரி பிழை, சரியானது எது, எங்கே பார்த்தோம் என்று மூன்று வரி எழுதிப் போடுங்கள்.