பெட்டி எழுநூறுக்குப் போனது சரி, கையில் நின்றது எவ்வளவு?

தமிழ்நாடு, கேரள எல்லையோரம் வேலந்தாவளம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தக்காளி போட்டவரிடம் இந்தப் போகம் எப்படி என்று கேட்டால், "பெட்டி எழுநூறுக்குப் போச்சுங்க" என்பார். கடைசி நாலு லோடு நூறுக்கும் எண்பதுக்கும் போனது பேச்சில் வராது. பொய் சொல்கிறார் என்றில்லை, நல்ல விலை கிடைத்த நாள்தான் மனதில் நிற்கும். கணக்கை மனதிலேயே வைத்திருப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து முளைப்பவை.

வீட்டுச் செலவும் தோட்டச் செலவும் கலந்த ஒரே நோட்டு உதவாது. தக்காளிக்கு ஒரு பக்கம், வாழைக்கு ஒரு பக்கம், தென்னைக்கு ஒரு பக்கம் வேண்டும். வீட்டு ஆட்கள் செய்த வேலைக்கும் கூலி எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால், பல வருஷமாக ஒரு வயல் சம்பாதித்ததை இன்னொரு வயல் தின்றுகொண்டிருப்பது தெரியும்.

விலை சரியும்போது பறிப்பதா, விடுவதா என்பதற்கும் கணக்கு வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒரு பெட்டிக்குப் பறிகூலி 30, வண்டி வாடகை 20, ஏற்றி இறக்க 8, கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 100-க்குப் போனால் 32 ரூபாய் மிஞ்சும், பறிக்கலாம். 60-க்குப் போனால் நாம்தான் 4 ரூபாய் கொடுத்து அனுப்புகிறோம். அதுவரை போட்ட உரத்தையும் மருந்தையும் இந்த இடத்தில் சேர்க்காதீர்கள். பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அது திரும்பி வராது. "இவ்வளவு செலவு பண்ணிட்டு எப்படி விடறது" என்று நானும் ஒரு வருஷம் பறித்துப் பறித்து நஷ்டத்தைக் கூட்டியிருக்கிறேன்.

அடுத்தது நேந்திரன் வாழை. நம் பக்கம் நேந்திரன் போடுகிறவர்கள் கண்ணெல்லாம் ஓணத்தின் மேல்தான். ஆனால் நடுவது மட்டும் போன வருஷம் நட்ட தேதியில்! திருவோணம் 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5, 2026-இல் ஆகஸ்ட் 26. பத்துப் பத்து நாளாக முன்னால் வந்திருக்கிறது. நேந்திரனுக்குப் பத்து, பதினோரு மாதம் ஆகும். அந்த வருஷத்துத் திருவோணத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கன்று வைக்க வேண்டும். இன்னொன்று, உப்பேரி (நேந்திரன் சிப்ஸ்) போடுகிறவர்கள் பண்டிகைக்குச் சில வாரம் முன்பே காய் எடுத்துவிடுவார்கள். திருவோணத்துக்கு முதல் நாளான உத்திராடத்தன்று எல்லோரும் தார் இறக்கும்போது நாமும் போய் நின்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. மொத்தத்தையும் ஒரே வாரத்தில் நடாமல், இரண்டு மூன்று தவணையாக நடுவது நல்லது.

கடனில் நடக்கும் தவறு கொஞ்சம் கூச்சமான விஷயம். மண்டியில் முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிக்கு லோடு அனுப்ப முடியாது. அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள், சரி, விலையில் பிடித்துக்கொள்வார்கள். உரக்கடைக் கணக்கும் அப்படித்தான். கடன் சொல்லி வாங்கும்போது, கடைக்காரர் நீட்டும் பயிர் டானிக் பாட்டிலை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. வெளியில் இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 தான். கெடு தேதியைத் தாண்டவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். பயிர்க்கடனை எடுத்து போர்வெல் போடுவதும் வேண்டாம். ஒரு போகத்தில் திருப்ப வேண்டிய பணம், பத்து வருஷம் பலன் தரும் குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, எல்லையோரத்துக்கே உரிய ஒன்று. வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம் என்று இருப்பவர்கள், வீட்டுக்குப் பக்கத்து வேளாண்மை அலுவலகத்துக்கே நடப்பார்கள். மாநில அரசின் உதவிகள் நிலம் இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. தமிழ்நாட்டு நிலத்துக்குச் சிட்டா, அடங்கல். கேரளத்து நிலத்துக்குக் கரம் (நிலவரி) கட்டிய ரசீதோடு அந்தப் பஞ்சாயத்தின் வேளாண்மை அலுவலகமான கிருஷி பவன். கேரள அரசு 2020 நவம்பர் முதல் நேந்திரன், தக்காளி உள்ளிட்ட 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலையை (குறைந்தபட்ச விலை) நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதைக் கேட்க, பயிரை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். விலை விழுந்த பிறகு ரசீதைத் தூக்கிக்கொண்டு ஓடினால் நடக்காது.