வணிக இணையதளத்தை இடம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வணிக நிறுவனம் ஒன்று தன் இணையதளத்தைப் புதிய சர்வருக்கோ புதிய வடிவமைப்புக்கோ மாற்றும்போது, உரிமையாளரின் கவனம் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் தோற்றத்திலேயே நின்றுவிடுகிறது. மாற்றம் முடிந்த பிறகு விசாரணைகள் குறைவதற்கும் ஆர்டர்கள் வராமல் போவதற்குமான காரணங்களோ திரையில் தெரியாத இடங்களில் இருக்கின்றன. மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்று, வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தன் தளத்தைப் புதிய ஹோஸ்டிங்குக்கு (தளத்தை வைத்து இயக்கும் சர்வர் சேவைக்கு) மாற்றி, பக்கங்களையும் திருத்தி அமைக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடை என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். தளத்தை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவரே டொமைனையும் தம் கணக்கில் வாங்கி வைத்திருப்பது நம்மூரில் சாதாரணம். அவரைத் தொடர்புகொள்ள முடியாத நிலை வந்தால், மற்ற எந்த வேலையையும் தொடங்க முடியாது. டொமைனைப் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனத்தின் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் ஆகிய மூன்றும் உரிமையாளரின் கைக்கு வந்த பிறகே மாற்றத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

அடுத்தது தளத்தின் பழைய பக்க முகவரிகளின் பட்டியல். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகளுக்குப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப்பை மட்டும் நம்பினால் போதாது. சர்ச் கன்சோலில் எந்தெந்தப் பக்கங்களுக்குத் தேடலிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பதையும், சர்வர் பதிவுகளில் எந்தெந்த முகவரிகள் கேட்கப்படுகின்றன என்பதையும் சேர்த்து எடுத்து, ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதற்கு நேரான புதிய முகவரியை எக்செல்லில் எழுதி வைக்க வேண்டும். இந்த வேலை அலுப்பூட்டும் என்பது உண்மைதான். ஆனாலும், பல ஆண்டுகளாகச் சேர்ந்த தேடல் மதிப்பைக் காப்பாற்றுவது இந்தப் பட்டியல்தான் என்பதால், இதற்குச் செலவிடும் நேரத்தை நான் ஒருபோதும் குறைக்கச் சொல்ல மாட்டேன். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்டுகள், நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 301 என்ற குறியீட்டில் இருக்க வேண்டும். 302 என்பது தற்காலிக மாற்றத்துக்கானது. பழைய பக்கங்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பலர் கையாளும் குறுக்குவழி. தொடர்பில்லாத பக்கத்துக்குப் போகும் இத்தகைய திருப்பங்களைக் கூகுள், பக்கமே இல்லாததற்குச் சமமாக எடுத்துக்கொள்ளக்கூடும். நேரான பக்கம் இல்லையென்றால், அதே வகைச் சேலைகளின் தொகுப்புப் பக்கத்துக்குத் திருப்பலாம்.

தமிழில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இங்கே கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயரை 200 எழுத்துகளுக்குள் அடக்குகிறது; கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் அங்கே 9 எழுத்துகளாக விரிவதால், ஏறத்தாழ 22 குறிகளிலேயே இடம் தீர்ந்துவிடுகிறது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 'மதுரை சுங்குடிச் சேலை பராமரிப்பு' என்ற தலைப்பிலிருந்து தானாக உருவாகும் முகவரி, 'மதுரை-சுங்குடிச்-சேலை-பர' என்று பாதியில் நின்றுபோகும். தலைப்பைப் பார்த்துப் பட்டியலில் முழுப் பெயரை எழுதினால் ரீடைரக்ட் வேலை செய்யாது. தளத்தில் உண்மையில் இருக்கும் முகவரியையே நகலெடுக்க வேண்டும். 'தொடர்புக்கு' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியையும் கால் குறியையும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் சர்வருக்கு அவை இரு வேறு முகவரிகள். ஆகவே, கையால் தட்டச்சு செய்வதை இங்கே அறவே தவிர்ப்பது நல்லது.

விரைவாகவும் வலிக்கும்படியும் தெரியவரும் தவறு, மின்னஞ்சல் நின்றுபோவதுதான். புதிய ஹோஸ்டிங் நிறுவனம் சொன்னபடி நேம்சர்வரை (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை) மாற்றினால், தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பழைய டிஎன்எஸ் பதிவுகள் தாமாகப் பின்னால் வந்துவிடாது. அஞ்சல் எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையும், அஞ்சலை அனுப்புவது உண்மையில் அந்த டொமைன்தானா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளையும் புதிய இடத்தில் முன்கூட்டியே எழுதிச் சரிபார்த்த பிறகே நேம்சர்வரை மாற்ற வேண்டும். மின்னஞ்சல் இப்போதிருக்கும் இடத்திலேயே தொடரப்போகிறது என்றால், நேம்சர்வரைத் தொடாமல், தளத்தின் சர்வர் முகவரியைக் காட்டும் ஏ பதிவை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பானது. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தளத்தின் விசாரணைப் படிவம் சர்வரிலிருந்தே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினால், புதிய சர்வரின் ஐபி முகவரியை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்காதவரை, அந்த விசாரணைகள் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழக்கூடும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அஞ்சல் அனுப்பும் எவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் அமைத்திருக்க வேண்டும் என்பதைக் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஒரு டிஎன்எஸ் பதிவை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பு 86400 வினாடிகளாக இருந்தால், மாற்றத்துக்குப் பிறகும் ஒரு நாள் வரை சிலர் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள். மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆகக் குறைத்துவிட்டால், பெரும்பாலானோர் சில நிமிடங்களில் புதிய இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

புதிய தளத்தைச் சோதனை நிலையில் வைத்திருக்கும்போது, தேடுபொறிகள் அதைச் சேர்க்காதிருக்கத் தடை போடுவது சரியான வழக்கம். பொதுவெளிக்கு வந்த நாளில் அந்தத் தடையை நீக்க மறந்துவிடுவதுதான் பேராபத்து. வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்புகளில் உள்ள ஒரேயொரு டிக் குறி எடுக்கப்படாமல் இருந்தாலும், தளம் மெதுமெதுவாகத் தேடலிலிருந்து மறைந்துவிடும். தளம் ஒழுங்காகத் திறப்பதால் வாரக்கணக்கில் யாருக்கும் சந்தேகமே வராது.

தரவுத்தளத்தை நகலெடுத்த நேரத்துக்கும் புதிய தளம் திறக்கும் நேரத்துக்கும் இடையில் வரும் ஆர்டர்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடும் என்பதால், அந்த இடைவெளியில் ஆர்டர் ஏற்பதை நிறுத்தி வைக்க வேண்டும். டொமைன் பெயரும் மாறுகிறது என்றால், தரவுத்தளத்தில் பழைய பெயரைத் தேடி மாற்றுவதற்குச் சாதாரண எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது. வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை எழுத்து நீளத்தோடு சேர்த்தே சேமிக்கிறது. நீளம் பொருந்தாவிட்டால் அந்த அமைப்புகள் படிக்க முடியாமல் போகும். நீளத்தையும் சேர்த்தே திருத்தும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் search-replace கட்டளையே ஏற்றது. பேமெண்ட் கேட்வேயில் பதிந்துள்ள, பணம் வந்ததைத் தளத்துக்குத் தெரிவிக்கும் வெப்ஹூக் முகவரியையும் சரிபார்த்து, ஒரு சிறு தொகைக்கு உண்மையாகவே ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும்.

தீபாவளி, பொங்கல் விற்பனைக்கு முந்தைய வாரங்களிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் காலையில் தொடங்கினால், உதவிக்கு ஆட்கள் கிடைக்கும் நாட்கள் கையில் இருக்கும். மாற்றம் முடிந்ததும் புதிய சைட்மேப்பைச் சர்ச் கன்சோலில் கொடுத்து, பக்கம் கிடைக்கவில்லை என்று வரும் அறிக்கைகளை முதல் வாரம் தினமும் பார்க்க வேண்டும். விடுபட்ட ரீடைரக்டுகள் அங்கேதான் தெரியவரும். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது நீட்டித்து வைத்திருங்கள். ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓர் ஆண்டுக்கு விட்டுவைக்கும்படி கூகுள் பரிந்துரைக்கிறது. டொமைன் பெயர் மாறியிருந்தால், பழைய பெயரை அந்த ஆண்டோடு கைவிடாமல் தொடர்ந்து புதுப்பித்து வருவது நல்லது. காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கிவிட்டால், பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து வாடிக்கையாளர் அனுப்பும் மின்னஞ்சலும் அவர் கைக்கே போய்ச் சேரும்.