பணம் போய்விட்டதா? மனு எழுதுவது அப்புறம்

எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் காவல் நிலையத்துக்கு எதிரில். ஆன்லைன் மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் புகார் டைப் செய்ய இங்கேதான் வருவார்கள். "1930க்குப் போன் போட்டாச்சா?" என்றால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

முதல் வேலை அதுதான். மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் நடத்தும் எண் அது. தகவல் நேராக வங்கிகளுக்குப் போகும்; திருடன் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அவ்வளவுதான். அதனால் வீட்டில் சொல்லலாமா, மானம் போகுமா என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மின் இணைப்பைத் துண்டிக்கப் போவதாக வந்த மெசேஜை நம்பி, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஏதோ ஆப்பை இறக்கிவிட்டார். இங்கே வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரை முழுக்க மோசடிக்காரனுக்கும் தெரிகிறது! போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, என் போனிலிருந்து 1930க்குப் பேசினோம். யூடிஆர் எண் கேட்டார்கள், அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண். யூபிஐயில் அது 12 இலக்கம். போன்பேயில் T என்று தொடங்குவதைப் படித்துக் காட்டாதீர்கள். யூடிஆர் என்று தனியாக இருக்கும். கூகுள் பேயில் யூபிஐ டிரான்ஸாக்ஷன் ஐடிதான் அது.

இதற்குள் வீட்டில் இன்னொருவர் வங்கிக்குச் சொல்லி கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்கட்டும். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் மோசடி எண்கள் உண்டு. கார்டின் பின்பக்கமே இருக்கிறது. ஆத்திரத்தில் சாட் மெசேஜ்களை அழித்துவிடவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு ஆப்பை நீக்குங்கள்.

1930இல் பேசியதும் புகார் எண் வரும். அதை வைத்து தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் அன்றே முழுப் புகாரையும் பதிந்துவிடுங்கள்.

வங்கிக்கு நேரில் போனால், "ஆன்லைனில் கொடுத்துட்டீங்கல்ல" என்று அனுப்பப் பார்ப்பார்கள். தேதி, நேரத்தோடு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்காமல் நகராதீர்கள். காரணம், ரிசர்வ் வங்கியின் 2017 விதி. உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் தலையில், அதற்குப் பிறகு போவது வங்கி தலையில். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

நிறுத்திவைத்த பணம் தானாகத் திரும்பி வராது. நீதிமன்ற உத்தரவும் தேவைப்படலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் எண்ணோடு விசாரித்துக்கொண்டே இருங்கள். வாத்தியாருக்கு ஒரு பகுதி இப்படித்தான் கிடைத்தது.

அலைந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு போன் வரும்: "உங்க பணத்தை மீட்டாச்சு, பிராசசிங் சார்ஜ் மட்டும் அனுப்புங்க." போலீசோ 1930ஓ அப்படிப் பணம் கேட்பதில்லை. பேச்சு வளர்க்காமல் வைத்துவிட்டு, அந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் புகார் செய்வதற்கான சக்ஷு பகுதியில் பதியுங்கள்.