ரிப்போர்ட் அனுப்பியும் "ரிப்போர்ட் இல்ல"ன்னு திரும்பி வந்த பில்கள்: என் அனுபவம்

நான் சென்னைல இருந்து கலிஃபோர்னியா ஒர்க்கர்ஸ் காம்பன்சேஷன் (வேலைல அடிபட்டவங்களுக்கான இன்சூரன்ஸ்) மெடிக்கல் பில்லிங் பாக்குறேன். அங்க இன்சூரன்ஸ்காரங்க பொதுவா பேப்பர் பில்லுக்கு 45 நாள், எலக்ட்ரானிக்கா போனா 15 நாள்ல பணம் தரணும், ஆனா டாக்டர் ரிப்போர்ட் கூடவே சேரணும்.

போன மாசம் சில பில் மட்டும் ரிப்போர்ட் இல்லன்னு பெண்டிங்ல கிடந்து ரிஜெக்ட் ஆச்சு. நாங்க அனுப்பிருக்கோம், அவங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. முதல்ல பிடிஎஃப் சைஸ்னு நெனச்சு சின்னதாக்கிப் பாத்தேன், அப்புறம் க்ளெயிம் நம்பரை ஒவ்வொண்ணா சரிபாத்தேன், பில்லை வாங்கி இன்சூரன்ஸுக்கு அனுப்புற கிளியரிங் ஹவுஸ்ல புகார் டிக்கெட் போட்டு ரெண்டு நாள் காத்திருந்தேன், எதுவும் சரியா வரல.

கடைசில ரிஜெக்ட் ஆனதை மட்டும் வரிசையா வச்சுப் பாத்தா, எல்லாத்துலயும் அட்டாச்மென்ட் கன்ட்ரோல் நம்பர் (பில்லையும் ரிப்போர்ட்டையும் இணைக்குற நம்பர்) பூஜ்யத்துல ஆரம்பிக்குது! 837-ங்கிற எலக்ட்ரானிக் பில் ஃபைல்ல, கூட வர்ற ரிப்போர்ட்டைக் குறிக்குற பிடபிள்யூகே (PWK) வரில இருக்குற நம்பரும், ரிப்போர்ட்டைத் தூக்கிட்டுப் போற 275 ஃபைல்ல இருக்குறதும் ஒரு எழுத்து மாறாம ஒண்ணா இருக்கணும். 275-க்கான சிஎஸ்வியை (விவரங்களை கமா போட்டு வச்சிருக்குற ஃபைல்) எக்ஸெல்ல தொறந்து சேவ் பண்ணதும் 00418 வெறும் 418 ஆயிடுது, பில்லுல இருக்குறதோட பொருந்தாமப் போயிடுது. தொறந்து பாத்துட்டு சேவ் பண்ணாம மூடின நாள்ல பிரச்சனையே இல்ல, அதான் இத்தன நாள் பிடிபடல.

இப்ப நம்பருக்கு முன்னாடி ஒரு எழுத்து சேத்து ரெண்டு ஃபைலுக்கும் ஒரே இடத்துல இருந்து எடுக்குறேன். பழசை எல்லாம் திரும்ப அனுப்பினேன், எல்லாம் ஏத்துக்கிட்டாங்க. அப்பாடா, அடிபட்டவங்க சிகிச்சை பில் இனிமே இதுக்காக நிக்காது.