சோற்றுக்கற்றாழை: மஞ்சள் பாலை வடித்து, சோறெடுத்து, எண்ணெய் காய்ச்சுவது வரை

கற்றாழையை முகத்தில் தடவினேன், அரிப்பு வந்துவிட்டது, எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று செடியையே கைவிட்டவர்கள் நிறையப் பேர். எனக்கும் முதலில் கழுத்து தடித்துச் சிவந்தது. பெரும்பாலும் அதற்குக் காரணம் சோறு, அதாவது மடலுக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற வழவழப்பான சதை, இல்லை. பச்சைத் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவே ஓடுகிற மஞ்சள் பால்தான். அதை நீக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அதனால் இந்தப் பதிவில் அந்த ஒரு வேலைக்குத்தான் அதிக இடம்.

ஆயுர்வேதம் இதைக் குமாரி என்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய பாவப்பிரகாசம் குமாரியைக் குளிர்ச்சியானது, கசப்பானது, மலத்தை இளக்குவது என்று சொல்லி, தீப்புண், கொப்புளம், தோல் நோய்களுக்கும் விதிக்கிறது. இந்தக் குணங்கள் எல்லாம் மடலின் ஒரே பாகத்தில் இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ச்சியும் வழவழப்பும் சோற்றுக்கு உரியவை. கசப்பும் பேதியும் மஞ்சள் பாலுக்கு உரியவை. அந்தப் பாலைக் காய்ச்சி உலர்த்தியதுதான் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கரியபோளம், மூசாம்பரம் என்றும் சொல்வார்கள். மாதவிடாய் தடைப்பட்டவர்களுக்கு ஆயுர்வேத வைத்தியர்கள் கொடுக்கும் ரஜப்பிரவர்த்தினி வடி என்ற மாத்திரையில் அது சேர்கிறது. அளவு தெரிந்த வைத்தியர் கையில் இருக்க வேண்டிய சரக்கு அது. வீட்டில் நமக்கு வேண்டியது சோறு மட்டும்.

மடல் வெட்டுவது

இரண்டு மூன்று வயதான செடியில், அடிவரிசையில் இருக்கும் தடித்த மடலாகப் பாருங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள். வெட்டுவதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் சோறு நீர்த்துப்போகாமல் கெட்டியாக இருக்கும்.

சாலையோரத்திலும் வேலியிலும் வளர்கிற ஆனைக்கற்றாழையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறு இனம். மடலுக்குள் நார் நாராக இருக்கும், நுனியில் ஊசி போன்ற கெட்டி முள் இருக்கும், சாறு பட்டால் தோல் கொப்புளிக்கும். சோற்றுக்கற்றாழை மடலைப் பிளந்தால் நாரே இருக்காது, கண்ணாடி போலச் சோறு மட்டும் தெரியும். சந்தேகம் இருந்தால் வெட்டாதீர்கள், நர்சரியில் ஒரு கன்று வாங்கி வையுங்கள்.

குடிக்க எடுப்பதென்றால் மாலையில் வெட்டுவதே என் வழக்கம். கற்றாழை பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். இரவெல்லாம் மடலில் புளிப்பு அமிலம் சேர்ந்து, பகலில் வெளிச்சம் பட்டதும் கரைந்து குறையும். விடிகாலை மடல் புளிக்கும், மாலை மடல் புளிக்காது. பகலில் நீரை வெளியே விடாத இந்தக் குணத்தால்தான் வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டிய செடி மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பிழைக்கிறது. அந்தச் செடியிலிருந்து மட்டும் மடல் எடுக்க வேண்டாம். தெருப்புழுதியும் வண்டிப்புகையும் படிந்தே இருக்கும்.

பாலை வடிப்பது

மடலை அடியோடு வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக, சில சமயம் பழுப்பாகச் சொட்டும். கால் மணி நேரம் போதும் என்று பலரும் சொல்வார்கள். தடித்த மடலுக்கு அது போதாது. நான் ஒரு மணி நேரம் விடுவேன். பிறகு அடிப்பக்கம் வெண்மையாக இருக்கும் இரண்டு விரற்கடையை வெட்டி எறிந்துவிடுவேன், பால் தேங்கி நிற்பது அங்கேதான்.

இவ்வளவு செய்தும் அரிக்கிறதே என்பவர்களுக்கு, தவறு அடுத்த படியில் இருக்கிறது. பால் ஓடும் குழாய்கள் பச்சைத் தோலின் உட்புறத்தை ஒட்டியே இருக்கின்றன. மடலை நடுவில் பிளந்து ஸ்பூனால் சுரண்டினால், கடைசிச் சுரண்டலில் அந்தக் குழாய்களும் சேர்ந்து வந்துவிடும். மேலே நன்றாக வடித்த மடல் கூட இதில் கெட்டுப்போகும். ஆகவே ஸ்பூன் வேண்டாம். காய்கறி பீலரும் வேண்டாம், அது தோலை மெல்லிசாகச் சீவி, பால் இருக்கும் அடுக்கை அப்படியே சோற்றின் மேல் விட்டுவிடும். மெல்லிய, நீளமான, வளையக்கூடிய கத்திதான் இதற்குச் சரி.

மடலைத் தட்டையாக வைத்து, இரண்டு ஓர முட்களையும் அகலமாக நறுக்கி எடுங்கள். குழிந்த பக்கத் தோலைத் தடிமனாகச் சீவுங்கள். திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் அப்படியே. தோலோடு கொஞ்சம் சோறு போனால் போகட்டும், அதுதான் பாதுகாப்பு. கையில் மிஞ்சுவது ஒரே பாளமாக, எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சையோ மஞ்சளோ இல்லாமல் இருக்க வேண்டும்.

பாளத்தைத் துண்டுகளாக்கி ஓடும் தண்ணீரில் அலசுங்கள். ஏழு முறை கழுவ வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. எண்ணிக்கையை விட நாக்கை நம்புங்கள்: ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், கசப்பு இருந்தால் இன்னும் கழுவ வேண்டும்.

தோலுக்கு

முழங்கை உள்மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். வெயிலில் கன்றிய முகத்துக்கும் கழுத்துக்கும் துண்டை அப்படியே தேய்த்து, இருபது நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். மிக்ஸியில் அடிக்க வேண்டாம். நுரைத்து, காற்று கலந்து, சீக்கிரம் பழுப்பாகிவிடும். எலுமிச்சைச் சாறு கலப்பதும் வேண்டாம், தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகும்.

அடுப்பில் சுட்டுக்கொண்டால் முதலில் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். கற்றாழை அதற்குப் பிறகுதான். அதுவும் தோல் உரியாத சிறிய சூட்டுக்கு மட்டும். ஆழமான புண்ணுக்கும் அறுவைச் சிகிச்சைத் தையலுக்கும் வேண்டாம். அப்படிப்பட்ட காயங்களில் கற்றாழைக் களிம்பு ஆறுவதைத் தாமதப்படுத்தியதாக 1991இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு.

மோரில்

கசப்பு முழுதும் போன சோறு இரண்டு தேக்கரண்டி, ஒரு டம்ளர் நீர்மோர், துளி உப்பு, சீரகத்தூள். மத்தால் கடைந்தால் போதும். கோடையில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நான் குடிப்பதில்லை. தோலோடு அரைத்த முழு மடல் சாற்றைக் குடிக்கவே கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாரத்தைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புண்டு என்ற பிரிவில், வைத்திருக்கிறது.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சின்னக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தலைக்கு எண்ணெய்

ஆயுர்வேதத்தில் தைலத்துக்குப் பொது விகிதம் உண்டு: அரைத்த மூலிகை ஒரு பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறு 16 பங்கு. 250 மில்லி எண்ணெய்க்கு ஒரு லிட்டர் சாறு ஆகிறது. அவ்வளவு மடல் எல்லார் வீட்டிலும் இருக்காது. நான் அரை லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். செக்குத் தேங்காய் எண்ணெய்தான் என் தேர்வு, உடம்புச் சூடு அதிகம் என்பவர்கள் நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளலாம்.

சோறு வழவழவென்று இருக்கும்வரை சாறு இறங்காது. ஒரு சிட்டிகை படிகாரத்தூளோ கடுக்காய்த்தூளோ தூவி அரை மணி நேரம் வைத்தால் நீர் பிரிந்து நிற்கும், துணியில் வடித்துக்கொள்ளலாம். ஊறவைத்த வெந்தயம், கருஞ்சீரகம், கறிவேப்பிலை மூன்றும் சேர்த்து 60 கிராம் அளவுக்கு அரைத்து, எண்ணெயோடும் சாற்றோடும் கலந்து, அடிகனமான அகன்ற சட்டியில் ஏற்றுங்கள். எண்ணெயைச் சூடாக்கிவிட்டுச் சாற்றை ஊற்றினால் தெறிக்கும். எல்லாவற்றையும் பச்சையாகவே கலந்து ஏற்றுவதுதான் முறை.

தீ சிறியதாகவே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கூட ஆகலாம், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். சடசடப்பு அடங்கி, மேலே நுரை கூடினால் பதம் நெருங்கிவிட்டது. (நெய் காய்ச்சும்போது நேர்மாறு, அங்கே நுரை அடங்குவதுதான் பதம்.) அடியில் இருக்கும் மூலிகையை ஒரு கிள்ளு எடுத்து விரலிடையில் உருட்டினால் மெழுகு போலத் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியைத் தீயில் காட்டுங்கள். சத்தம் வந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் உடனே இறக்கி, சூட்டோடு வடித்துவிடுங்கள். தலைக்கு இந்த மெழுகு பதமே போதும், மூலிகை மணல் போல உதிரும் மணல் பதம் வரை விட்டால் எண்ணெய் கருகி வாடை அடிக்கும்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள்.

எண்ணெய் மூன்றாம் வாரமே புளித்த வாடை அடிக்கிறது என்று ஒருவர். பாட்டிலில் ஈரம் இருந்திருக்கும், அல்லது திரி சோதனை செய்யாமல் இறக்கியிருப்பார். அந்த எண்ணெயை மறுபடி காய்ச்சிப் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள். அடுத்த முறை பாட்டிலை வெயிலில் காயவைத்து ஊற்றுங்கள்.

மீந்த சோற்றை எத்தனை நாள் வைக்கலாம் என்று பலர். கண்ணாடிப் புட்டியில் ஃபிரிட்ஜில் மூன்று நாள். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் முகத்துக்கு வேண்டாம். நிறைய இருந்தால் ஐஸ் தட்டில் கட்டிகளாக உறையவைத்து, வெயிலில் போய் வந்த நாளில் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தேய்த்துக்கொள்ளுங்கள். உருகினால் நீர்த்துத்தான் போகும், அதனால் எண்ணெய்க்கு இந்தக் கட்டிகளை எடுக்காதீர்கள். தைலத்துக்கு அன்றன்று வெட்டிய மடல்தான்.