பெயர்ப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன்

சென்ற மாதம் கூடலூரில் ஒரு கூட்டம். காசநோயாலும் எச்.ஐ.வி. தொற்றாலும் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைக்காக வேலை செய்யும் சிறு அமைப்புகள் நீலகிரியிலிருந்தும், எல்லைக்கு அப்பால் வயநாடு, குண்டல்பேட்டைப் பக்கங்களிலிருந்தும் வந்திருந்தன. புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் மடிக்கணினியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். பெயர், தேயிலை எஸ்டேட், அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டின் எண், நோய், மருந்து தொடங்கிய தேதி. “இனி எல்லா அமைப்புகளும் இதைப் பார்த்தே வேலை செய்யலாம்” என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அதே பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு முன் நானும் தயாரித்திருக்கிறேன்.

நோயாளியிடம் மரியாதையாகப் பேசுங்கள், முகக்கவசம் அணியுங்கள் என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லிவிடுவார்கள். நாம் செய்யும் தவறுகளில், பயிற்சியில் சொல்லாமல் விடுபவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஒரே பட்டியல்

கோத்தகிரிப் பக்கம் நான்கு அமைப்புகள் கைகோத்திருந்தோம். ஓர் அமைப்பு ஊட்டச்சத்துப் பொருள்கள் கொடுக்கும். ஒன்று பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்க்கும். ஒன்று சட்ட உதவி. நாங்கள் மருத்துவமனைக்குத் துணையாகப் போவோம். ஒரே வீட்டுக்கு இரண்டு அரிசி மூட்டை போய்விடக் கூடாது என்று ஒருவர் சொல்ல, அது சரிதானே என்று நான்தான் பெயர்களைத் திரட்டினேன். நான்கு பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன்.

அதில் ஒரு பிரதி ஒரு தன்னார்வலரின் வீட்டு மேசையில் கிடந்தது. அவர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். அவருடைய அண்ணன் பக்கத்து எஸ்டேட்டில் மேஸ்திரி, அவ்வளவுதான். அந்த எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்த பெண்ணின் பெயர் பட்டியலில் இருந்தது. பத்தே நாளில் தாய்மார்கள் ஒவ்வொருவராகக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மஸ்டருக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, போகத் தொடங்கினார்கள். பிறகு அவரைக் களை வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

மாதந்தோறும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கு, போய் மாத்திரை வாங்கிவந்தவர், அங்கே தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடுமோ என்று அஞ்சிப் போவதை நிறுத்திவிட்டார். மாத்திரை நின்றால் உடலின் எதிர்ப்பு சரியும்; அந்த இடத்தில் காசநோய் எளிதாகப் புகுந்துகொள்ளும். நான்கு மாதம் கழித்து மருத்துவமனைப் படுக்கையில்தான் அவரை மறுபடி பார்த்தேன். பிழைத்துக்கொண்டார். “என் பெயரை எழுதும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அக்கா?” என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்: கேட்க வேண்டும் என்று சட்டமே அப்போது இருந்தது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை, நம்பிக்கையின் பேரில் அறிந்துகொண்டவர் வேறொருவரிடம் சொல்வதற்கு, விஷயத்தைப் புரிந்துகொண்டு அவர் எழுத்தில் தந்த ஒப்புதல் வேண்டும். உரிமையைப் பற்றி மேடையில் பேசிக்கொண்டிருந்த நான் அந்தச் சட்டத்தை முழுமையாகப் படித்திருக்கவில்லை.

“கூட்டமைப்புக்குச் சம்மதம்” என்று பொதுவாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமே என்று புதியவர்கள் கேட்கிறார்கள். கூடாது. யாரிடம் சொல்லப் போகிறோம், எதற்காக என்பது தெரியாமல் போடும் கையெழுத்து ஒப்புதலே அல்ல. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி ஊர்களில் தமிழ்ப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவதும், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறிப்பவரிடம் அதையே செய்வதும் அப்படித்தான். அவரவர் மொழியில் சொல்ல ஆள் கிடைக்கும்வரை காத்திருங்கள். அந்த ஆள் அதே ஊர்க்காரராக இருக்கலாமா என்பதையும் நோயாளியிடமே கேளுங்கள்.

காசநோய் அப்படி இல்லையே, 2012 முதல் அதை அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டுமே என்று இன்னொரு வாதம் வரும். ஆம், மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும். நிக்ஷய் என்னும் அரசின் காசநோய் இணையதளத்தில் பதிவும் உண்டு. அது சிகிச்சைக்கான வழி. நாம் நமக்குள் பெயர்களைப் பரிமாறிக்கொள்ள அது உரிமம் ஆகாது.

இப்போது நாங்கள் செய்வது இது. அவரவர் ஆட்களின் பெயர் அவரவர் அமைப்போடு நின்றுவிடும். வேறு உதவி தேவைப்பட்டால், நோயாளி சம்மதித்த பின், அவரையே அந்த அமைப்பின் ஒரே ஒருவரிடம் நேரில் அழைத்துப்போகிறோம். கூட்டத்தில் எண்ணிக்கை மட்டும். அதிலும் கவனம் வேண்டும். மலையில் பன்னிரண்டு வீடு கொண்ட ஊரில் “பெண் ஒருவர், வயது 34” என்று எழுதினால் பெயரையே எழுதியது போல. ஊர்க் கணக்கைக் காட்டாமல் வட்டத்தின் (தாலுகாவின்) கணக்கையே காட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எதுவும் வேண்டாம். இரண்டு வீட்டுக்கு இரட்டை மூட்டை அரிசி போனால் போகட்டும்.

அமைப்பின் பெயர் எழுதிய ஜீப்

லைன் வாசலில் நிறுத்தாதீர்கள். பஸ்ஸில் போய் இறங்கி நடங்கள்.

தனிக்குடிசையைப் பாராட்டுவது

ஒரு குக்கிராமத்தில் காசநோய் வந்த முதியவருக்கு ஊரார் சற்றுத் தள்ளி ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். எங்களோடு வந்த பங்காளி அமைப்பின் பணியாளர் அதைச் சமூகப் பொறுப்புக்கு நல்ல உதாரணம் என்று குறிப்பேட்டில் எழுதினார். குளிரில், தனியாக, சோறு கொண்டுவர மறந்தால் பட்டினியாக அவர் கிடந்தது குறிப்பேட்டில் ஏறவில்லை.

இதற்கு விடை நம் மாநிலத்திலேயே கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வில், சானடோரியம் என்னும் தனிக் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. உலகமே அதன் பிறகுதான் வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. மருந்து ஒழுங்காகப் போகிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா, இருமும்போது வாயை மூடுகிறாரா, வீட்டில் மற்றவர்களுக்குப் பரிசோதனை ஆயிற்றா என்று பாருங்கள். ஊட்டியின் குளிரில் ஜன்னலைத் திற என்று சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். பகலில் வெயில் விழும் நேரத்திலாவது திறக்கச் சொல்லலாம். குடிசை வேண்டாம்.

புகைப்படம்

முகத்தை மறைத்தும் எடுக்க வேண்டாம். சேலையை வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும்.

சளிப் பரிசோதனைக்கு வந்தவரை நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்கு)த் தள்ளிவிடுவது

காசநோய் உள்ளவர் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. அதை விளக்கிச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

புகாரைப் பேச்சுவார்த்தையோடு முடிப்பது

அந்த ஆயாவின் விஷயத்தில் நாங்கள் நிர்வாகத்திடம் போய்ப் பேசினோம், தேநீர் குடித்தோம், திரும்பினோம். நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது அதே எச்.ஐ.வி. சட்டம். மருத்துவ நிலையம் என்றால் இருபது பேரே போதும். மாநில அரசு அமர்த்தும் குறைதீர்ப்பாளருக்கும் எழுதலாம். புகார் வந்த முப்பது நாளுக்குள் அவர் ஆணை இட வேண்டும். எழுத்தில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பாதிக்கப்பட்டவர், நாம் அல்லோம்.

எல்லை தாண்டியவரை ‘சிகிச்சையை விட்டுப் போனவர்’ என்று எழுதுவது

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து இஞ்சி வயலுக்கும் மிளகு பறிக்கவும் கர்நாடகத்துக்குப் போகிறவர்கள் மருந்தை வெறுத்துப் போவதில்லை, கூலிக்குப் போகிறார்கள். மூன்று மாநில அமைப்புகள் கைகோப்பதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. மருந்து தொடங்கும் நாளிலேயே, அடுத்து எந்த வேலைக்கு, எந்த ஊருக்கு, எப்போது போவார் என்று கேளுங்கள். போகும் நாளைக்கு முன்பே, அவர் ஒப்புதலோடு, நிக்ஷய் பதிவை அந்த மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இடையில் விடுபடாதபடி கையில் மாத்திரையும் சிகிச்சை அட்டையும் இருக்கட்டும். அங்கே இறங்கியதும் யாரைப் பார்ப்பது என்று ஒரே ஒரு பெயரை அவரிடம் கொடுங்கள். அவருடைய பெயரை அங்கே முன்கூட்டி அனுப்ப வேண்டாம். போய்ச் சேர்ந்து அவரே சொல்லட்டும்.